ஒரே கியர்: பழைய ஸ்கீ படகுக்கு எந்தப் புரொப்பெல்லர்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மிசிசிப்பி ஆறு அகன்று ஏரியாக நிற்கும் இடத்துக்குப் பெப்பின் ஏரி என்று பெயர். 1922-இல் அங்கே ரால்ஃப் சாமுவெல்சன் என்ற இளைஞர் இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, படகு இழுத்த கயிற்றைப் பிடித்தபடி தண்ணீர்மேல் எழுந்து நின்றார். நீர்ச்சறுக்கு விளையாட்டின் தொடக்கம் அதுதான். அன்று படகு என்பது கயிறு கட்டுவதற்கு ஓர் இடம், அவ்வளவே. நாற்பது ஆண்டுக்குள் நிலைமை மாறியது. 1961-இல் ஃப்ளோரிடாவின் கரெக்ட் கிராஃப்ட் நிறுவனம் ஸ்கீ நாட்டீக் என்ற படகைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சறுக்குபவரை மனத்தில் வைத்தே வடிவமைத்த படகு அது. 1968-இல் டென்னஸியில் மாஸ்டர்கிராஃப்ட் பிறந்தது, 1982-இல் கலிஃபோர்னியாவில் மலிபு.

இந்த வரிசையில் 1970களிலும் 80களிலும் கட்டப்பட்ட படகுகள் பல இன்றும் அமெரிக்க ஏரிகளில் ஓடுகின்றன. புதிய இழுவைப் படகின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டிவிட்ட நிலையில், நாற்பது வயதுப் படகைச் சீர்செய்து ஓட்டுவது பல குடும்பங்களுக்கு ஒரே வழி. அப்படி வாங்கியவர் முதலில் கேட்கும் கேள்விகள் இரண்டு. எந்தப் புரொப்பெல்லர் போடலாம்? வேறு என்னென்ன மாற்றலாம்? இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதால்தான் பணம் வீணாகிறது. இந்தக் கட்டுரை இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொண்டு, அளவுகள், கணக்கு, பொருத்தும் முறை, மற்ற மேம்பாடுகள் என்று வரிசையாகப் பார்க்கிறது.

படகின் அமைப்பு

இவ்வகைப் படகில் எஞ்சின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் பின்புறம் கியர்பாக்ஸ். அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் சாய்வாக இறங்கி, படகின் அடித்தளத்தைத் துளைத்துத் தண்ணீருக்குள் போகிறது. முனையில் புரொப்பெல்லர், அதற்குப் பின்னால் சுக்கான். கயிறு கட்டும் கம்பமும் எஞ்சினை ஒட்டி நடுவிலேயே நிற்கும். எடை நடுவில் இருப்பதால் பின்னலை தாழ்வாக எழும்புகிறது. சறுக்குபவர் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் படகு நேர்க்கோட்டை எளிதில் விடாது.

இந்த அமைப்புக்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. வெளிப்புற மோட்டாரை மேலே தூக்கலாம், சாய்க்கலாம். இங்கே புரொப்பெல்லரின் கோணம் நிலையானது. காரைப் போல ஐந்து கியர்களும் கிடையாது; முன், நியூட்ரல், பின் மூன்றுதான். நின்ற இடத்திலிருந்து ஆளைத் தூக்குவதும், மணிக்கு 58 கிலோமீட்டரில் சீராக ஓடுவதும், முழு வேகம் போவதும் ஒரே புரொப்பெல்லரின் வேலை. படகுக்கு இருக்கும் ஒரே கியர் அதுதான் என்று சொல்லிவிடலாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

அளவுகளைப் படித்தல்

புரொப்பெல்லரின் குடத்தில் 13 × 13 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச்: திருகாணி மரத்தில் ஏறுவதுபோல் நழுவாமல் ஏறினால், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. பிட்ச் கூடினால் எஞ்சினுக்குச் சுமை கூடும், சுற்று குறையும். பிட்ச் குறைந்தால் எஞ்சின் எளிதாகச் சுற்றும், இழுவை கூடும், உச்ச வேகம் சற்றுக் குறையும். ஓர் அங்குல பிட்ச் மாற்றம் முழு த்ராட்டிலில் சுமார் 150 முதல் 200 சுற்று வரை மாற்றும் என்பது பட்டறைகளில் புழங்கும் கணக்கு.

விட்டத்தை நினைத்தபடி கூட்ட முடியாது. இறக்கை நுனிக்கும் படகின் அடித்தளத்துக்கும் நடுவே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் இறக்கையும் கடக்கும்போது அடித்தளத்தில் ஓர் அறை விழும். உள்ளே உட்காருபவருக்கு அது அதிர்வாகத் தெரியும்.

மூன்றாவது அளவு கப். இறக்கையின் பின்விளிம்பை லேசாக மடக்கிவிடுவதற்கு அந்தப் பெயர். நகம் அளவு வளைவுதான், ஆனால் நீரை விடாமல் பிடிக்கும்; நழுவல் குறையும்; விளைவில் ஓர் அங்குல பிட்ச் கூட்டியதற்குச் சமமாக நிற்கும். ஒரே அளவு பொறித்த இரண்டு புரொப்பெல்லர்கள் வெவ்வேறாக நடந்துகொண்டால் முதலில் கப்பைத்தான் பார்க்க வேண்டும்.

நான்காவது சுழலும் திசை. படகுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது, முன்கியரில் கடிகாரமுள் போகும் திசையில் சுற்றினால் வலக்கை, எதிர்த்திசையில் சுற்றினால் இடக்கை. அந்நாளைய படகுகள் சிலவற்றில் கார் எஞ்சினுக்கு எதிர்த்திசையில் சுற்றும் எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்கினால் தவறான கை வந்து சேரலாம். கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். படகைக் கரைசேர்ப்பதற்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: வலக்கைப் புரொப்பெல்லர் பின்கியரில் படகின் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும், இடக்கை வலப்பக்கம் இழுக்கும்.

ஒரு கணக்கு

1980களின் ஸ்கீ நாட்டீக் 2001 படகை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டின் 351 கன அங்குல வி8 எஞ்சினைப் படகுக்கேற்ப மாற்றிய பிசிஎம் எஞ்சின், 240 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. 13 × 13 புரொப்பெல்லர். முழு த்ராட்டிலில் 4,400 சுற்று வருகிறது என்று கொண்டால், நிமிடத்துக்கு 57,200 அங்குலம், அதாவது 1,453 மீட்டர். நழுவல் இல்லாவிட்டால் மணிக்கு 87 கிலோமீட்டர் போக வேண்டும். ஜிபிஎஸ் 71 காட்டுகிறது என்றால் 16 கிலோமீட்டர் நழுவலில் போயிற்று: ஏறக்குறைய 18 விழுக்காடு. இவ்வகைப் படகுக்கு 15 முதல் 20 விழுக்காடு இயல்பானது. அதைவிட மிகுதியாக வந்தால் புரொப்பெல்லர் தேய்ந்திருக்கலாம், வளைந்திருக்கலாம், படகு கனத்திருக்கலாம்.

பின்னால் வந்த படகுகளில் 1.23-க்கு 1 என்ற குறைப்புக் கியர் உண்டு. எஞ்சின் 1.23 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். அதே வேகத்துக்கு 13-ஐ 1.23-ஆல் பெருக்கி, 16 அங்குல பிட்ச் வேண்டும். மெதுவாகச் சுற்றும் பெரிய புரொப்பெல்லர் தண்ணீரை நன்றாகப் பிடிக்கும் என்பதால்தான் அந்த மாற்றம் வந்தது. கியர் விகிதம் தெரியாமல் பக்கத்துப் படகின் அளவை வாங்குவது எவ்வளவு தவறு என்பதும் இதிலிருந்து விளங்கும்.

உயரமும் கணக்கில் சேரும். கார்புரேட்டர் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் 3 விழுக்காடு திறனை இழக்கும். கலிஃபோர்னியா, நெவாடா எல்லையில் உள்ள டாஹோ ஏரி கடல்மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேல். அங்கே 240 குதிரைத்திறன் 200-ஐ எட்டுவதே கடினம். ஃப்ளோரிடாவில் பொருத்தமாக இருந்த புரொப்பெல்லர் அங்கே எஞ்சினைத் திணறடிக்கும். பிட்சைக் குறைத்தே ஆக வேண்டும்.

விதி எளியது. வழக்கமாக ஏற்றும் ஆட்களோடும் எரிபொருளோடும் முழு த்ராட்டிலில் ஓடும்போது, எஞ்சின் கையேடு சொல்லும் சுற்று எல்லையின் மேல்பாதியில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பிட்ச் அதிகம். அந்த நிலையில் நாள்தோறும் ஓட்டுவது, மேட்டில் நான்காவது கியரில் லாரியை ஏற்றுவதற்குச் சமம். எஞ்சினின் ஆயுள் தேயும். மேலே தாண்டினால் பிட்ச் போதாது.

அளப்பதற்கு முன்

இந்த விதியை நம்பிப் புரொப்பெல்லர் வாங்குபவர்கள் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். சுற்று குறைவதற்குப் புரொப்பெல்லர் மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நாற்பது வயதுப் படகில் வேறு காரணங்கள் நிறைய.

முதலில் மீட்டர். பழைய ஆர்பிஎம் மீட்டர் 300 சுற்று கூட்டியோ குறைத்தோ காட்டினால் மொத்தக் கணக்கும் தவறும். புரொப்பெல்லர் விலையோடு ஒப்பிட்டால் ஒரு டிஜிட்டல் மீட்டரின் விலை மிகக் குறைவு. வேகமானி நீரழுத்தத்தில் இயங்குவது. குழாயில் பாசி அடைத்தால் பொய் சொல்லும். வேகத்துக்கு ஜிபிஎஸ்ஸையே நம்ப வேண்டும்.

அடுத்து த்ராட்டில். எஞ்சினை நிறுத்திவிட்டு, நெம்புகோலை முழுவதும் தள்ளச் சொல்லி, கார்புரேட்டர் வாயைப் பார்க்க வேண்டும். கேபிள் நீண்டுபோன படகில் தகடுகள் முழுதாகத் திறக்காது. முக்கால்பங்கு த்ராட்டிலை முழு த்ராட்டில் என்று எண்ணி வேறு புரொப்பெல்லர் வாங்கியவருக்குக் குறை அப்படியே இருக்கும். பிறகு இக்னிஷன், எரிபொருள் வடிகட்டி, எட்டு சிலிண்டரின் கம்ப்ரஷன்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது படகின் உடல். 1990களுக்கு முன் கட்டப்பட்ட ஸ்கீ படகுகள் பலவற்றில் எஞ்சினைத் தாங்கும் நீளச் சட்டங்கள் மரம்; மேலே ஃபைபர்கிளாஸ் உறை. திருகாணித் துளைகள் வழியே நீர் இறங்கினால் உறை பளபளப்பாக இருக்க, உள்ளே மரம் மட்கிப்போகும். தரைக்கு அடியில் நிரப்பிய நுரை பஞ்சுபோல் நீரைக் குடித்து, படகின் எடையை நூறு கிலோ கணக்கில் கூட்டும். சிறு சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், மட்கிய இடத்தில் மொத்தென்று அடங்கும். எஞ்சின் தாங்கியின் திருகாணிகள் எவ்வளவு முடுக்கினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் வேறு சான்று தேவையில்லை. அந்தப் படகுக்கு வேண்டியது புதுச்சட்டம், புரொப்பெல்லர் பிறகு.

கழற்றலும் பொருத்தலும்

புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனை நேர் உருளை அன்று. 16 அங்குல நீளத்துக்கு ஓர் அங்குலம் என்ற சரிவில் குறுகிக்கொண்டே போகும். புரொப்பெல்லரின் குடமும் அதே சரிவில் குடையப்பட்டது. இரண்டும் ஒன்றில் ஒன்று இறுகுவதுதான் பிடிமானம். பள்ளத்தில் உட்காரும் சிறு சாவி துணைக்குத்தான்.

ஆகவே கழற்றும்போது சுத்தியலால் இறக்கையை அடிக்கவே கூடாது. ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைச் சில புரி மட்டும் தளர்த்தி அங்கேயே விட்டுவிட்டு, புல்லர் என்ற கழற்றும் கருவியை மாட்டி முடுக்க வேண்டும். முடுக்க முடுக்க ஒன்றும் அசையாததுபோல் இருக்கும். திடீரென்று ஒரு வெடிச்சத்தத்தோடு குடம் விடுபட்டு நட்டில் வந்து மோதும். நட்டு அங்கே இல்லாவிட்டால் காலில் விழும்.

பொருத்துவதில் பலர் விடும் படி ஒன்று உண்டு. சாவி இல்லாமல் புரொப்பெல்லரை வெறுங்கையால் ஏற்றி, குடம் நிற்கும் இடத்தில் ஷாஃப்டில் ஒரு கோடு போட வேண்டும். பிறகு கழற்றி, சாவியை வைத்து மறுபடி ஏற்ற வேண்டும். குடம் அதே கோட்டைத் தொட்டால் சரி. கோட்டுக்கு முன்பே நின்றால் சாவி உயரமாக இருந்து குடத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள், சரிவு இறுகவில்லை. சாவியைத் தேய்த்துக் குறைக்க வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்த்த படகுகளில் ஷாஃப்டே முறிவதுண்டு.

அப்போதே ஷாஃப்டின் மற்ற பகுதிகளையும் பார்த்துவிடலாம். நீருக்கடியில் ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் பேரிங் தேய்ந்திருந்தால் கையால் ஆட்டும்போதே லொடலொடவென்று ஆடும். உள்ளே, கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் இரு முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத்தகட்டை நுழைத்து நாலு பக்கமும் அளக்க வேண்டும். வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்குக்கு மேல் போகக் கூடாது. இந்த அளவைப் படகு தண்ணீரில் மிதக்கும்போது எடுப்பதே சரி. டிரெய்லரில் நிற்கும்போது உடல் சற்று வளைந்திருக்கும். அதிர்வு வந்தால் புரொப்பெல்லரைக் குறைசொல்லும் முன் இவ்விரண்டையும் சோதிக்க வேண்டும்.

மூன்று இறக்கையா, நான்கா?

திருகுப் புரொப்பெல்லரின் முன்னோடிகளில் ஒருவரான இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித், 1830களில் இரண்டு முழுச்சுற்று கொண்ட மரத்திருகைப் படகில் பொருத்திச் சோதித்தார். ஓட்டத்தில் ஒரு நாள் எதிலோ மோதித் திருகில் பாதி ஒடிந்துவிட்டது. படகு முன்னைவிட வேகமாக ஓடியது. தண்ணீரில் பரப்பு கூடக்கூட உராய்வும் கூடும் என்பது அன்று வெளிப்பட்ட பாடம்.

அதே பாடம் இன்றும் செல்லும். மூன்று இறக்கையில் உராய்வு குறைவு. உச்ச வேகம் சற்று அதிகம். நான்கு இறக்கையில் சுமை நான்காகப் பிரிவதால் அதிர்வு குறைவு. திருப்பத்திலும் புறப்பாட்டிலும் பிடிமானம் அதிகம். வேகம் ஏறி இறங்காமல் நிற்கும். ஸ்கீ படகின் உண்மையான வேலை உச்ச வேகம் அன்று. ஸ்லாலம் போட்டியில் 18.25 மீட்டர் கயிற்றில் தொடங்கி, 259 மீட்டர் பாதையில் ஆறு மிதவைகளைச் சறுக்குபவர் சுற்றிவர வேண்டும். மிக உயர்ந்த வேகமே மணிக்கு 58 கிலோமீட்டர்தான்; பாதை 16 நொடியில் முடிந்துவிடும். அந்த 16 நொடியில் ஆறு முறை படகைப் பக்கவாட்டில் இழுப்பார். ஒவ்வோர் இழுப்பிலும் படகு தளராமல் இருக்க வேண்டும். ஆகவே ஸ்லாலத்துக்கும், குழந்தைகளைத் தூக்கிவிடும் குடும்பப் படகுக்கும் நான்கு இறக்கையே பொருத்தம். வெறுங்கால் சறுக்கலுக்குக் கூடுதல் வேகம் வேண்டும். அங்கே மூன்று இறக்கைக்கு இடமுண்டு.

செய்முறையில் வந்த மாற்றம் இறக்கை எண்ணிக்கையைவிடப் பெரியது. பழைய புரொப்பெல்லர்கள் மணல்வார்ப்பில் ஊற்றிக் கையால் தேய்த்து முடிக்கப்பட்டவை. ஓர் இறக்கைக்கும் அடுத்ததற்கும் பிட்ச் சற்று மாறியிருக்கும். மிச்சிகன் மாநிலம் பிக் ராப்பிட்ஸின் ஆக்மி போன்ற நிறுவனங்கள் கணினி இயக்கும் எந்திரத்தால் எல்லா இறக்கைகளையும் ஒரே அளவாகக் கடைகின்றன. வார்ப்புப் புரொப்பெல்லரோடு நாற்பது ஆண்டு ஓடிய படகில் இதை மாட்டி ஓட்டினால் அதிர்வு அடங்குவதை உட்கார்ந்த இடத்திலேயே உணரலாம்.

உலோகம் நிக்கலும் அலுமினியமும் கலந்த வெண்கலமே நல்லது. துருப்பிடிக்காத எஃகு இன்னும் உறுதியானதுதான். ஆனால் மிதக்கும் கட்டையில் மோதும்போது வெண்கலம் வளைந்துகொடுத்து ஷாஃப்டைக் காப்பாற்றும். எஃகு வளையாது, அடி ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் காலுக்கும் போகும். வளைந்த பழையதைப் பட்டறையில் நிமிர்த்தி, உதிரியாகப் புல்லரோடு படகிலேயே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

மற்ற மேம்பாடுகள்

எஞ்சினைப் பெரிதாக்குவது பலரின் முதல் ஆசை. கப்பல் வடிவமைப்பாளர் ஜார்ஜ் கிரவுச் தந்த சூத்திரப்படி, நீர்மேல் எழும்பி ஓடும் படகின் வேகம் திறனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். 240-ஐ 300 ஆக்கினால், கால்பங்கு திறன் கூடியும், வேகம் 12 விழுக்காடுதான் கூடும்: 71 கிலோமீட்டர் 79 ஆகும். இழுப்பதோ 58-இல். பயன்படாத வேகத்துக்கு ஆயிரக்கணக்கில் டாலர் தருவதைவிட, பிட்சை ஓர் அங்குலம் குறைத்துப் புறப்பாட்டை மேம்படுத்துவது மேல்.

பயனுள்ள மாற்றங்கள் எளியவை. பாயின்ட் வைத்த இக்னிஷனுக்குப் பதில் மின்னணு இக்னிஷன். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் புது எரிபொருள் குழாய்கள். ஆண்டுதோறும் நீர்ப்பம்பின் ரப்பர் இம்பெல்லர். அடுத்து வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. கனடாவின் பெர்ஃபெக்ட்பாஸ் போன்றவை கேபிளில் இயங்கும் பழைய த்ராட்டிலிலும் பொருத்தக்கூடியவை. ஜிபிஎஸ் சொல்லும் வேகத்துக்கு ஏற்பச் சிறு மோட்டார் த்ராட்டிலைத் தானே கூட்டிக் குறைக்கும். சறுக்குபவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் அறையில் கார் உதிரிகளைப் போடக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் தேங்கும். படகுக்கென்று செய்த ஸ்டார்ட்டர், ஆல்டர்நேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை பொறி வெளியே போகாதபடி மூடப்பட்டவை. படகுக் கார்புரேட்டர், வழியும் பெட்ரோலை வெளியே விடாமல் எஞ்சினுக்குள்ளேயே திருப்பும். விலை கூடுதல்தான், அந்த விலை உயிருக்கு. சாவி திருப்புமுன் நான்கு நிமிடம், அந்த ஆவியை வெளியேற்றும் பிளோவரை ஓட்ட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

வேக்போர்டுக்காகக் கோபுரமும் நீர்மூட்டைகளும் ஏற்றுவதைப் பழைய ஸ்கீ படகுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தாழ்ந்த பக்கச்சுவரும் சிறிய பின்னலையும் அந்தப் படகின் சிறப்பு. அதன்மேல் எடை ஏற்றினால் அலை உள்ளே வரும். வயதான சட்டங்கள் விரிசல் விடும். நல்ல ஸ்கீ படகும் போய்விடும், நல்ல வேக்போர்டு படகும் கிடைக்காது.

முடிவு

வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சட்டத்தைத் தட்டிப் பாருங்கள். மீட்டரைச் சரிபாருங்கள். த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கப்ளிங்கை அளவெடுங்கள். இவ்வளவும் சரியான பிறகு, வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் இரு திசையிலும் ஓடி, சுற்றையும் ஜிபிஎஸ் வேகத்தையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த எண்களோடும் கியர் விகிதத்தோடும் சுழலும் திசையோடும் புரொப்பெல்லர் பட்டறைக்குப் போங்கள். எந்திரத்தில் கடைந்த நான்கு இறக்கையைக் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு மறுபடி ஓடி, அதே நோட்டில் எழுதுங்கள். பழைய படகுக்கு நீங்கள் வாங்கக்கூடிய மேம்பாடுகளிலேயே விலை குறைவானது அந்த நோட்டு. மற்ற எல்லா மேம்பாடும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.